பதினாலு நாள் நகம்

"உழைக்கிற கை ஒண்ணு வேணும், பதினாலு நாளைக்கு" என்று மகள் வந்து நின்றபோது மெக்கானிக் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டது அம்மாவை. ஆனால் அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் முந்திக்கொண்டு வாயைத் திறப்பது அவர்தான். அது அவருக்குப் பிறவிக் குணம்.

"எதுக்கு? கெணறு வெட்டவா?"

"அப்பா, நான் அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்."

"பேசு பேசு. என் காதை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது?"

மகள் ஈரக் குடையைக் கதவு மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். வெளியே மழை மூன்று நாளாக நின்று நிதானித்துப் பெய்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக மூன்று தெரு தள்ளி இருக்கும் நக சலூனில் அவள் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பயிற்சி என்று பேர்தான். காலை ஆறரைக்குப் போய்த் துண்டு துவைப்பது, கிண்ணம் கழுவுவது, கடைக்காரம்மா கையை நீட்டினால் கேட்காமலே சரியான புட்டியை எடுத்து வைப்பது, மிச்ச நேரத்தில் பிளாஸ்டிக் விரல்களுக்குப் பூசிப் பூசி அழிப்பது. இப்போது ஜன்னலோர நாற்காலி காலியாகிவிட்டது. அதில் இருந்தவள் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். அந்த நாற்காலி கிடைத்தால் மகள் தொழில்காரி. கிடைக்காவிட்டால் வேறு கடையிலிருந்து ஒருத்தி வருவாள், இவள் இன்னும் எத்தனை காலம் துண்டு துவைப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கடையில் நாற்காலி சும்மா கிடைக்காது. கடைக்காரம்மாவுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. நாற்காலி கேட்கிறவள் உழைக்கிற ஒருவர் கையில் பத்து நகத்துக்கும் ஜெல் பாலிஷ் பூச வேண்டும். அந்தக் கை பதினாலு நாளும் உறை மாட்டாமல், வழக்கமாகச் செய்கிற வேலையெல்லாம் செய்ய வேண்டும். பதினாலாம் நாள் பத்தும் பூசின மாதிரியே இருக்க வேண்டும்.

"வீட்டுல உக்காந்து பேப்பர் படிக்கிற கையில எவ பூசினாலும் நிக்கும்னு சொல்றாங்க மேடம். நம்ம கடைக்கு வர்றவங்க எல்லாம் வேலைக்குப் போற பொம்பளைங்கம்மா."

அம்மா தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். ஆயிரம் சாப்பாட்டுப் பெட்டி கட்டி அனுப்பும் ஒரு பெரிய சமையல்கூடத்தில் அவருக்கு வேலை. "எனக்கு ஆசைதான்டி. ஆனா உள்ள நுழையறப்பவே ஒருத்தி டார்ச் அடிச்சு நகத்தைப் பாக்குறா. மோதிரம்கூட ஆகாது. பாலிஷ் இருந்தா அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவா."

"சாதா பாலிஷ்னா அழிச்சுட்டுப் போகலாம்."

"இது அழியாதே! அதானே இதோட பெருமைங்கிற!"

"மாமா கை?"

மெக்கானிக் பக்கென்று சிரித்தார். மாமா என்பது அவருடைய மைத்துனன். அவருடைய பட்டறையிலேயே வேலை பார்ப்பவன். "உங்க மாமனுக்கு நகம் எங்க இருக்கு? காலைல டிபனுக்கு முன்னாடி பாதிய அவனே கடிச்சுத் தின்னுடுறானே!"

சிரித்து முடித்தபோது தாயும் மகளும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். கையில் பாதி உரித்த முட்டை. முப்பது வருஷமாக மோட்டார் சைக்கிள் பிரித்து மாட்டின கை. கட்டைவிரல் நகத்தில் நெடுக்காக ஒரு வெடிப்பு, விளிம்பில் எந்தச் சோப்புக்கும் மசியாத கறுப்பு.

"ஏய், நான் ஆம்பளடி!"

"கைக்கு என்னப்பா ஆம்பள பொம்பள?"

"கலர் இல்லாம, தண்ணி மாதிரி ஏதாவது பூசு. வேணா யோசிக்கிறேன்."

"கலர் இருந்தாதான் ஓரம் பேந்தது தெரியும். கருஞ்சிவப்புதான் பூசணும்னு மேடமே எடுத்து வெச்சிருக்காங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "உன்னை விட உழைக்கிற கை எனக்கு எங்கப்பா கிடைக்கும்?"

அந்த ஒரு வாக்கியத்தில் மனுஷன் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் விவரமாக என்னென்னவோ சொன்னாள். முட்டைக்கு உப்பு தேடும் மும்முரத்தில் பாதிதான் அவர் காதில் ஏறியது.

விடுமுறை நாளன்று கடைக்குப் போனார். போவதற்கு முன் சலவைத்தூளும் மரத்தூளும் கலந்து கையைத் தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்துவிட்டது. கடைக்காரம்மா குட்டை முடி வைத்த, கனத்த உடம்புக்காரர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மெக்கானிக்கின் கையைப் புரட்டிப் பார்த்து, "இது கை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மகள் அவர் கைக்கு, விரல் நுனிகளை வெட்டிவிட்ட ஒரு கறுப்பு உறையை மாட்டினாள். பூச்சை இறுக வைக்கிற விளக்கின் வெளிச்சம் தோலில் படக் கூடாதாம். நகத்தோலை ஒதுக்கினாள், மேல்பரப்பை லேசாகத் தேய்த்தாள். அடிப்பூச்சு, விளக்கு. நிறம், விளக்கு. மறுபடி நிறம், விளக்கு. கடைசியில் மேல்பூச்சு, அதற்கும் விளக்கு. நடுவில் ஒரு தடவை விரல்நுனி சுள்ளென்று சுட்டு, மெக்கானிக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுதா? ரெண்டு செகண்டு வெளிய எடு, திரும்ப வை. இறுகுறப்போ அப்படித்தான் சுடும்."

"வெல்டிங் வெக்கிற மாதிரில்ல இருக்கு."

"பேசாம இருப்பா, ஆடுது."

முடிந்ததும் அவர் ஊதினார், காய வைக்கிறாராம். "எல்லாம் காஞ்சாச்சு. இப்பவே பாக்கெட்டுல கைய விட்டுச் சாவி எடுக்கலாம்" என்றாள் மகள். அவர் நம்பாமல் ஒரு நகத்தை இன்னொரு நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கோடு விழவில்லை. பட்டறையில் பெயிண்ட் அடித்த டாங்க் ஒன்றை ராத்திரி முழுக்கக் காய வைத்தும் காலையில் விரல்ரேகை விழுந்த கதைகள் அவரிடம் நூறு உண்டு. முதல் தடவையாக அந்தக் கடையைக் கொஞ்சம் மரியாதையாகச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டே விஷயம்" என்றாள் மகள். "ஓரம் லேசா தூக்கினா உரிக்கக் கூடாது. உரிச்சா உன் நகமும் ஒரு பட்டை சேர்ந்து வரும். அப்புறம் அசிட்டோன் படக் கூடாது."

"அசிட்டோன்னா அந்த பிங்க் புட்டி, பழ வாசனை அடிக்குமே, அதானே? அது நம்ம பட்டறைல எதுக்கு வருது?"

மறுநாள் பட்டறையில் நடந்ததை விவரிக்கவே வேண்டாம். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தையும் மீறி மைத்துனன் சிரித்தான்.

"மாமா, அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுங்க. உங்க கையால எடுத்தா ஒரு களையாத்தான் இருக்கு."

"டேய் மச்சான், இன்னொரு வார்த்தை பேசின, ஸ்பானர் உன் பல்லுக்கு வரும்."

"பல்லுக்கும் கலர் அடிச்சு விடுவீங்களா?"

வண்டி விட வந்தவர்கள் பார்த்தார்கள். சிலர் பார்த்தும் பாராத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தர் மட்டும் மெதுவாக, "ஏதும் வேண்டுதலா?" என்று கேட்டார். முதல் நாள் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு பதில் சொன்னார் மெக்கானிக். மூன்றாம் நாள் துணியை எடுத்துவிட்டார். ஐந்தாம் நாள் யாரும் கேட்காமலே கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். "டீசல்ல முக்கினேன், பெட்ரோல்ல கழுவினேன், செயின்ல மாட்டி இழுத்துச்சு. பாருங்க, ஒரு பொட்டு பேரல. என் பொண்ணு போட்டது." ஸ்கூட்டர் விட வந்த பெண்கள் நாலு பேர் கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

வீட்டில் தினமும் சாயங்காலம் பரிசோதனை நடக்கும். மகள் டார்ச் அடித்துப் பத்து விரலையும் பார்ப்பாள். அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"நெசமாவே நல்லாத்தான் இருக்கு" என்றார் மெக்கானிக் ஒன்பதாம் நாள். "அந்த வெடிப்பு எப்பவும் துணியில மாட்டும், இப்ப மாட்டல. ஓரத்துல கிரீஸ் ஏறல. ஒரே ஒரு தடவை சோப்பு போட்டா போகுது. எல்லா மெக்கானிக்கும் போட்டுக்கணும்."

"அடுத்த வாரம் காதுல கம்மல் போட்டுக்குவீங்க" என்றார் மனைவி. "அதென்னங்க, வேர்ப்பக்கம் வெள்ளையா ஒரு இடைவெளி?"

"நகம் வளருதும்மா. வேர்ல புது நகம் வருது, பாலிஷ் பூசின நகம் முன்னாடி தள்ளிப் போகுது. மூணு வாரத்துல பாக்க அசிங்கமா ஆயிடும். அதுக்குள்ள எடுத்துடணும்."

"நாமளே எடுத்துக்க முடியாது, கடைக்குத்தான் போகணும்?"

"கடைக்குப் போனா நல்லது. அவசரப்பட்டு வீட்டுல பிய்க்கிறவங்கதான் நகத்தைக் கெடுத்துக்கிறாங்க."

"என்கூட வேலை பாக்குறவ ஒருத்தி பெட்டியில வாங்கி வீட்டுலயே போட்டுக்கிட்டா. விரலெல்லாம் தடிச்சுப் போச்சு, ஒரு மாசம் அரிப்பு."

"தோல்ல படக் கூடாதும்மா. பட்டு, சரியாவும் இறுகலைன்னா ஒத்துக்காது. பூசுறதுக்கு ஆளு தெரியணும்."

"அப்போ மூணு வாரம் ராணி, அப்புறம் ஒரு மணி நேரம் கடையில காவல். கல்யாணம் மாதிரின்னு சொல்லு" என்றார் அம்மா.

"கல்யாணத்துல காவல்தான் முதல்ல" என்றார் மெக்கானிக். வெண்ணெய்க் கத்தி அவர் மண்டைக்கு நேராக ஒரு தடவை நீண்டுவிட்டுத் திரும்பியது.

மழை விடவில்லை. பத்தாம் நாளிலிருந்து பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சீக்கு: பெட்ரோலில் தண்ணீர் கலந்து கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது. மெக்கானிக்குக் கார்புரேட்டர் சுத்தம் செய்வதில் ஒரு தனி முறை உண்டு. அதைக் கழற்றி இடது கையில் பிடித்து, துவாரத்தின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்வார். மறுமுனையில் சுத்தம் செய்கிற ஸ்பிரேயை அடிப்பார். உள்ளே வழி திறந்திருந்தால் அது பாய்ந்து வந்து கட்டைவிரலில் முட்டும். முட்டுகிற வேகத்தை வைத்தே எவ்வளவு அடைப்பு பாக்கி என்று சொல்லிவிடுவார். உறை மாட்டினால் அந்த உணர்வு வராது. இரண்டு நாளில் இருபத்தெட்டு கார்புரேட்டர். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று முப்பது வருஷத்தில் ஒரு நாளும் அவர் படித்ததில்லை. அதில் பாதிக்குப் பாதி அசிட்டோன்.

பதினோராம் நாள் மாலை, கையைத் துடைக்கும்போது இடது கட்டைவிரல் மங்கித் தெரிந்தது. தடவினார். மேல்பரப்பு, பாலாடை மாதிரிச் சுருங்கியது. துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். கருஞ்சிவப்பு மொத்தமும் துணியோடு வந்துவிட்டது. அடியில் அவருடைய பழைய நகம், வெடிப்போடு, அப்பாவி மாதிரி இருந்தது.

மெக்கானிக் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அவர் மனசில் வந்த நினைப்பு இதுதான்: பிள்ளைக்கு வேலை கைக்கு வரவில்லை. எட்டு மாதம் துண்டு துவைத்தது வீண். பாவம், பத்தில் ஒன்று சரியாக ஒட்டவில்லை. ஸ்பிரேயின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இதைப் போய்ச் சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துத் துணியைச் சுருட்டி ஸ்டூலுக்கு அடியில் எறிந்தார்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி?"

கட்டைவிரலைக் காட்டினார். மைத்துனன் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "போச்சே! இன்னும் மூணு நாளு இருக்கே. புள்ளைக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம்." மெக்கானிக் எழுந்தார். "அந்தக் கருஞ்சிவப்பு டாங்க் அடிச்சோமே, மிச்சம் இருக்கா?"

"மாமா, வேண்டாம்."

"இருக்கா இல்லையா?"

இருந்தது. கருஞ்சிவப்போடு ஒரு சொட்டு கறுப்பும் ஊசிமுனையளவு நீலமும் கலந்தார். பக்கத்து விரலோடு வைத்துப் பார்த்தார், இன்னும் ஒரு துளி கறுப்பு விட்டார். மைத்துனன் டார்ச் பிடித்தான். பொடி உப்புத்தாளால் நகத்தை ஒரு தடவு தடவி, மெல்லிய தூரிகையால் இரண்டு கோட்டிங். மற்ற விரல்களில் வேர்ப்பக்கம் தெரிந்த அதே வெள்ளை இடைவெளியையும் மறக்காமல் விட்டார். அதற்கு மேல், டாங்குக்கு அடிக்கிற கெட்டி லேக்கரில், இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்து ஒரு பூச்சு. டாங்க் காய வைக்கிற பல்புக்கு அடியில் ஒரு மணி நேரம் கட்டைவிரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். காய்ந்த பிறகு பார்த்தால், சத்தியமாக, பத்து விரலில் அதுதான் அழகு. பிள்ளைக்கு வேலை கைகூடவில்லையே என்ற துக்கத்துக்கு நடுவிலும் அந்தக் கலர் பொருத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது.

அன்று வீட்டில் டார்ச் அந்தக் கட்டைவிரலில் சற்று அதிக நேரம் நின்றது.

"இது மட்டும் என்னப்பா இப்படி மின்னுது?"

"வாட்டர் சர்வீஸ் பண்ணேன்" என்றார். மகள் சிரித்துவிட்டு அடுத்த விரலுக்குப் போய்விட்டாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். மெக்கானிக் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை, மூன்று நாள்தான்.

பதினாலாம் நாள் கடைக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு நீளமான தலைமுடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ஒவ்வொரு நகத்தின் விளிம்பிலும் ஓட்டினார். எங்கேயாவது ஓரம் தூக்கியிருந்தால் முடி மாட்டிக்கொள்ளும். வலது கை ஐந்திலும் மாட்டவில்லை. இடது கையில் சுண்டுவிரலிலிருந்து வந்தார். மாட்டவில்லை, மாட்டவில்லை. மகள் பின்னால் நின்று துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்கு வந்து முடியை ஓட்டி, விரலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"இதுதான் பிரமாதம். மத்த ஒம்பதும் நல்லா இருக்கு, இது பிரமாதம். இந்தக் கைநேர்த்தி எல்லா விரல்லயும் வரணும்."

மகளுக்கு முகமெல்லாம் பல். மெக்கானிக்குக் காது சூடேறியது. நாற்காலி கிடைத்துவிட்டது, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழப் போனார்.

"உக்காருங்க அண்ணே" என்றார் கடைக்காரம்மா. "பாதிதான் ஆச்சு. இனிமேதான் கழட்டணும்."

"கழட்டணுமா?"

"உன்கிட்ட அன்னைக்கே சொன்னேனேப்பா. நின்னா மட்டும் போதாது, நகத்துக்குச் சேதாரம் இல்லாம எடுக்கவும் தெரியணும். அதையும் மேடம் பாப்பாங்க."

மகள் பத்து நகத்தின் மேல்பூச்சையும் லேசாகத் தேய்த்தாள். பஞ்சை அந்த பிங்க் புட்டியில் நனைத்து நகத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு விரலாக வெள்ளித்தாளில் சுற்றினாள். மெக்கானிக் பத்து வெள்ளிக் குப்பிகளை மேஜையில் வைத்துக்கொண்டு, தேள் கொட்டின திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தார். பஞ்சிலிருந்து வாசனை வந்தது. இந்த வாசனையை எங்கேயோ முகர்ந்திருக்கிறோமே என்று யோசித்தார். யோசித்து, யோசித்து, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். பழவாசனைக்கு அடியில் இருந்தது, இருபத்தெட்டு கார்புரேட்டரின் வாசனை.

அப்போ பிள்ளை வேலையில் குறை இல்லை!

கால் மணி நேரம் கழித்து மகள் தாள்களை உருவினாள். ஒன்பது விரலில் கருஞ்சிவப்பு தானாகச் சுருண்டு நின்றது. மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினாள், பொசுக்கென்று வந்தது. அடியில் நகம் வழவழவென்று அப்படியே இருந்தது. கட்டைவிரலுக்கு வந்தாள். குச்சியால் தள்ளினாள். அசையவில்லை. மறுபடி பஞ்சு வைத்து இன்னும் பத்து நிமிஷம் சுற்றினாள். எடுத்தால், டாங்க் மாதிரி மின்னிக்கொண்டு கிண்ணென்று இருந்தது.

"இதுக்கு என்ன போட்ட?" கடைக்காரம்மாவின் குரல் மாறிவிட்டது.

"எல்லாத்துக்கும் போட்டதுதான் மேடம்."

"அதெப்படி? பசை ஏதாவது வெச்சியா? இங்க பாரு, நிக்கணுங்கிறதுக்காகக் கண்டதையும் வெக்கிற பொண்ணுக்கு என் கடையில நாற்காலி இல்ல."

மகளின் கண் நிறைந்துவிட்டது. "சத்தியமா இல்ல மேடம்…"

"அவ இல்லம்மா" என்றார் மெக்கானிக். "நான்தான்."

சொன்னார். கார்புரேட்டர், ஸ்பிரே, துணியோடு வந்தது, டாங்க் பெயிண்ட், ஒரு சொட்டு கறுப்பு, ஊசிமுனை நீலம், ஹார்ட்னர், பல்பு. ஒன்றையும் விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் இப்போது அதைத் துண்டு துண்டாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணே, நீங்க ஒரு இன்ஜின் கட்டி அனுப்புறீங்க. வழில எவனோ ஒருத்தன் திறந்து, உங்களுக்குத் தெரியாம எதையோ போட்டு மூடி அனுப்பினா என்ன பண்ணுவீங்க?"

"கையை முறிப்பேன்" என்றார் மெக்கானிக், யோசிக்காமல். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

கடைக்காரம்மாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "துணியோட வந்துச்சுன்னீங்களே, அப்போ நகம் ஏதாவது பேந்து வந்துச்சா?"

"இல்லம்மா. சுத்தமா இருந்துச்சு."

"ம். அசிட்டோன் பட்டா நான் போட்டதுகூடத்தான் போகும்." மகள் பக்கம் திரும்பினார். "ஆனா என் சட்டம் பத்துக்குப் பத்து. இதை மெஷின் வெக்காம, கையால தேச்சு எடு. நகத்துல ஒரு கீறல் விழக் கூடாது. எடுத்துட்டா பேசலாம். கீறல் விழுந்தா அடுத்த வருஷம் பாக்கலாம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். கட்டைவிரலைப் பிடித்தாள். அரத்தை எடுத்தாள்.

வெள்ளைத் தூள் மேஜையில் விழுந்தது.

"அன்னைக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" அவள் நிமிரவில்லை.

"நீ பயந்துடுவேன்னு நெனச்சேன் கண்ணு."

"நான் பயந்திருக்க மாட்டேன். என்ன பட்டுச்சுன்னு கேட்டிருப்பேன். கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். நீதான் பயந்த. என் வேலை அவ்வளவுதான்னு முடிவு பண்ணிட்ட."

ஊரெல்லாம் என் பொண்ணு போட்டது என்று கையை நீட்டிக் காட்டிய மெக்கானிக்குக்கு, ஒரு நகம் போனதும் பிள்ளையைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கூடவே தன் லேக்கர் மேலும் எரிச்சல் வந்தது. பின்னால் பிரிக்கப் போகிறவனை நினைக்காமல் போல்ட்டை முறுக்குகிற மடையன்களை முப்பது வருஷமாகத் திட்டியிருக்கிறார். அந்த மடையன் வேலையைத்தான் இப்போது அவரே செய்து வைத்திருந்தார்.

அரை மணி ஆனது. மகள் அரத்தை மாற்றினாள். கொரகொரப்பு குறைந்த இன்னொன்று, அதற்கப்புறம் அதைவிடப் பொடி. அடிக்கடி நிறுத்திப் பஞ்சால் தூளைத் துடைத்தாள், விரல்நுனியால் தடவிப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். அழுத்தவே இல்லை. ஒரே திசையில், ஒரே அளவில். மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தார். வீட்டில் தட்டு உடைக்கிற கை, சாவியைத் தொலைக்கிற கை. இங்கே அது வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. அந்தக் கை வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பூசும்போதுகூடச் சுடுகிறது, வெல்டிங் என்று பேசிக்கொண்டிருந்தாரே தவிர எங்கே பார்த்தார்?

கருஞ்சிவப்பு ரோஸாகி, ரோஸ் நரைத்து, அடியில் நகத்தின் நிறம் தெரிய ஆரம்பித்தது. இனிமேல்தான் ஆபத்து. உலோகத்தில் அரம் போடுகிறவர் அவர், காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரத்தின் சத்தம் பெயிண்டில் ஒரு மாதிரி, நகத்தில் ஒரு மாதிரி. சத்தம் மாறப் போகிறது, இதோ, இன்னும் ஒரு இழுப்பு. போதும் என்று சொல்ல உதடு குவிந்தது.

அவர் சொல்வதற்கு முன்னால் அரம் நின்றுவிட்டது.

மகள் அதை வைத்துவிட்டு, பஞ்சுபோல் மெத்தென்ற ஒரு கட்டையை எடுத்து, மிச்சமிருந்த படலத்தை மெருகு போடுகிற மாதிரி நாலு தடவை ஓட்டினாள். துடைத்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். அவருடைய பழைய நகம் அவரைப் பார்த்தது.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மறைக்கவும் இல்லை, தூள் விழுந்துவிட்டது என்று சாக்குச் சொல்லவும் இல்லை.

கடைக்காரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இந்த வெடிப்பு?"

"அது முன்னாடியே இருந்ததும்மா. இருவது வருஷமா இருக்கு."

"ம்." எழுந்து தன் மேஜைக்குப் போனார். அங்கிருந்தே, ஏதோ மறந்ததைச் சொல்கிற மாதிரி, "நாளையிலேர்ந்து ஆறரைக்கு வர வேண்டாம். பத்து மணிக்கு வா. துண்டு துவைக்க வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றார்.

மகளுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் ஜன்னலோர நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். போய் உட்காரவில்லை. பக்கத்தில் போய் அதன் கைப்பிடியைத் துண்டால் ஒரு தடவை துடைத்தாள். அப்பாவை அவள் இன்னும் பார்க்கவில்லை. கோபம் முழுசாக ஆறவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆறட்டும், நியாயமான கோபம்தான் என்று நினைத்துக்கொண்டு மழைக்கோட்டை எடுத்தார்.

வாசலில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தபால் பை மாட்டியிருந்தாள். வேலை நடுவில் வந்திருக்கிறாள் போலிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்துத் தயங்கிவிட்டு, வாசல் பக்கமாக வந்துகொண்டிருந்த மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"இங்க யாருகிட்ட போட்டுக்கலாங்க? எனக்கு ரெண்டு வாரமாவது நிக்கணும். போன தடவை வேற எங்கேயோ போட்டு, எடுக்கிறப்போ நகமே போயிடுச்சு."

"ஜன்னல் பக்கம் நிக்குது பாருங்க, அந்தப் பொண்ணுகிட்ட போடுங்க. நிக்கும். எடுக்கணும்னா நகம் நோகாம எடுக்கவும் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுங்களா?"

மெக்கானிக் ஜன்னல் பக்கம் பார்த்தார். மகளும் இப்போது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல முந்திக்கொண்டு வரவிருந்த பதிலை அவர் விழுங்கினார்.

"வேலை செய்யறத இன்னைக்குத்தாம்மா பாத்தேன்" என்றார்.